பதின்மூன்று துண்டுச் சட்டை

கப்பல் வருவது நின்ற பத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்குத் தீவில் பதின்மூன்று முகக்கவசங்கள் ஒரே நேரத்தில் இருமின. அவற்றைக் கட்டியிருந்த பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் நோய் இல்லை. ஆனால் அது தெரிய அரை நாள் ஆனது. அதற்குள் பதின்மூன்று பேரும் தத்தம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பிள்ளைகளுக்குக் கடைசிப் புத்திமதிகளைச் சொல்லி முடித்திருந்தார்கள். ரொட்டிக்காரர் ஒரு படி மேலே போய், இருபது வருடமாக மறைத்து வைத்திருந்த ஒரு விஷயத்தை மனைவியிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். அது என்னவென்று இருவரும் இன்றுவரை வெளியே சொல்லவில்லை. அவர் மட்டும் அன்றிலிருந்து அடுப்படிப் பக்கம் தனியாகப் படுக்கிறார். நர்ஸம்மா நீளக் கம்பு ஒன்றின் நுனியில் வெப்பமானியைக் கட்டி ஜன்னல் ஜன்னலாக நீட்டிப் பார்த்தார். யாருக்கும் காய்ச்சல் இல்லை. முகத்திலிருந்து அவிழ்த்து மேசையில் வைத்தபின்பும் துணி தன்பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தது.

இந்தத் தீவில் குப்பை என்பது சின்ன விஷயம் அல்ல. முந்நூறு வீடுகள், ஒரே ஒரு படகுத்துறை. குழி தோண்டிப் புதைக்கலாம் என்றால் ஓர் ஆள் ஆழத்துக்குள் உப்புத் தண்ணீர் வந்துவிடும். அதனால் தூக்கிப்போடும் எதுவும் முதலில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டகைக்கு வர வேண்டும். கண்ணாடி, தகரம், காகிதம், துணி என்று பிரித்து, யாருக்காவது உதவுவதை அலமாரியில் வைப்பார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எதற்கும் ஆகாதது பதினைந்து நாளுக்கு ஒருமுறை குப்பைப் படகில் அக்கரைக்குப் போகும். கொட்டகையை நடத்தியவளுக்கு நாற்பத்தாறு வயது. வாசலில் உள்ள தராசில் நிறுத்துப் பார்க்காமல் எதையும் உள்ளே விடமாட்டாள் என்பதால் ஊருக்கே அவள் தராசக்கா. தராசுக்கு மேலே தொங்கிய பலகையில் அவளே எழுதிய வாசகம் ஒன்று உண்டு: 'கொடுத்தது கொடுத்ததே.' கொடுத்த அண்டாவைப் பக்கத்து வீட்டுக்காரர் பளபளவென்று துலக்கி வைத்த பிறகு திரும்பக் கேட்டு வந்த ஒருவரால் பிறந்த சட்டம் அது. சட்டம் என்றால் சட்டம்தான். ஒருமுறை தையல்காரர் பழந்துணிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தபோது அவருடைய நல்ல கத்தரிக்கோலும் உள்ளேயே போய்விட்டது. கால் மணி நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தார். தராசக்கா பலகையைக் காட்டினாள். தையல்காரர் அதன் பிறகு மூன்று வருடம் அவளோடு பேசவில்லை.

ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அவளுடைய வீட்டுக்குள் நடக்க இடம் கிடையாது. குப்பைப் படகை ஓட்டியவர் அவளுடைய கணவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகிறவரை ஊர் பாதி மரியாதையும் பாதி கிண்டலுமாகக் கேப்டன் என்று அழைத்தது. அக்கரையில் இறக்க வேண்டியவற்றில் கால்வாசியை அவர் மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். முள் இல்லாத கடிகாரம், கதவு இல்லாத அலமாரி, மூடி மட்டும் உள்ள குக்கர். கடைசியாகப் புறப்பட்ட நாளில் ஒன்பது உடைந்த குடைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். "கம்பி எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னதும் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "இது வீடா, கிடங்கா? போங்க. அந்தக் குப்பையோட அங்கேயே இருந்துடுங்க" என்றாள். கேப்டன் வாசலில் ஒரு நிமிடம் நின்றார். இருபத்து மூன்று வருடமாக அவர் படியிறங்கும்போது அவள் 'போயிட்டு வாங்க' என்று சொல்லாமல் இருந்ததில்லை. அன்று சொல்லவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்று மாலையே நோயைக் காரணம் சொல்லி இரண்டு கரைகளிலும் துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.

மூன்றாம் நாளும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. துறைமுகத்தை மூடியது அரசாங்க உத்தரவு என்று தெரியும். இருந்தாலும் அதில் அவருக்கும் ஒரு கை இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. அவருடைய மெத்தை, ரப்பர் பூட்ஸ், நாற்காலி, ஒன்பது வருடமாகப் படகில் போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை, ஒன்பது குடைகள் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டகை அலமாரியில் அடுக்கினாள். கப்பல் இல்லாமல் கடைகள் காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. பார்த்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. "கொடுத்தா இப்படிக் கொடுக்கணும்" என்று ஊர் பேசியது. மறுநாளிலிருந்து ஆளாளுக்கு வீட்டில் முடங்கிக் கிடந்ததைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பாட்டில்கள் கழுத்து வெட்டப்பட்டு டம்ளர்கள் ஆயின. சரக்குப் பலகைகள் நோயாளிகளுக்குக் கட்டில்கள் ஆயின. பூட்ஸை வெட்டி இருபத்தாறு தண்ணீர்க் குழாய்களுக்கு வாஷர் போட்டார்கள். சட்டையைத் தையல்காரர் பதினான்கு முகக்கவசங்களாக வெட்டி, உள்ளே மாவுச் சாக்குத் துணி கொடுத்து, சைக்கிள் டியூபில் வார் தைத்தார். குடைகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவள் கோபத்தில் கொடுத்தாள் என்பது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. புகழ் தானாக வந்தது, அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பதினான்கில் ஒன்று, பை வைத்த இடது மார்புத் துண்டு, தபால்காரருக்குப் போனது. கடைசிக் கப்பலில் வந்த கடிதங்களை அவர்தான் வீடு வீடாகக் கொடுத்தார். தினமும் பதினொரு மணிக்குத் தன் வீட்டு வாசலில் நின்று, தோள்பையை ஒருமுறை துழாவிப் பார்த்து, "இந்த வீட்டுக்கு இன்னைக்கு லெட்டர் இல்லீங்க" என்று சொந்த மனைவியிடமே சொல்வார். அவர் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். கல்யாணமான முதல் வாரத்தில் சொன்ன வேடிக்கை, முப்பத்தொரு வருடம் ஓடியது. ஆறாம் நாள் அவர் நோயில் படுத்தார். அதே நாளில் ரொட்டிக்காரரின் சைக்கிள் இரும ஆரம்பித்தது. பதினெட்டு வருடம் தபால்காரர் ஓட்டிவிட்டுக் கொட்டகைக்குக் கொடுத்த சைக்கிள் அது. சங்கிலி காய்ந்துவிட்டது என்று ரொட்டிக்காரர் எண்ணெய் விட்டார். பன்னிரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்கு இருமல் நின்றது. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு மிதித்து வந்தவர், தபால்காரர் வாசலில் கூட்டத்தைப் பார்த்து இறங்கினார். இறந்தவரின் முகத்தில் இருந்ததை அவிழ்க்கக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னதால், அந்தத் துண்டு அவரோடு மண்ணுக்குள் போனது. கூடவே உழைத்த பொருள் உழைத்த உடம்புக்காக இருமும் என்று தீவு அப்படித்தான் தெரிந்துகொண்டது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமும் இல்லை.

ஆகவே பத்தொன்பதாம் நாள் பதின்மூன்று முகக்கவசங்களும் கொட்டகை மேசைக்கு வந்தபோது கேள்வி ஒன்றே ஒன்றுதான், இது யாருடைய இருமல் என்பது. தையல்காரர் அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். கழுத்துப்பட்டிக்குக் கீழே தோள், தோளுக்குக் கீழே முதுகு, இந்தப் பக்கம் கை. கட்டங்கள் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்தன. இடது மார்பில் மட்டும் உள்ளங்கை அளவு காலியாக இருந்தது. "இது நான் வெட்டுன துணி. கேப்டன் சட்டை" என்றார். காலையிலிருந்து ஊரிலுள்ள இருபத்தாறு குழாய்களும் இருமியதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்கள். குழாய் இருமுவது புதிதல்ல என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. போன் கோபுரம் எட்டாம் நாளே படுத்துவிட்டது, அதைச் சரிசெய்கிறவர் அக்கரையில் இருந்தார். அக்கரையிலிருந்து வந்த ஒரே சேதி மேசையில் கிடந்த அந்த இருமல்தான்.

தராசக்கா தராசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பக் கேட்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. தலைக்கு மேலே அவள் எழுதிய பலகை தொங்கியது. கேட்க வாய் வரவில்லை. மூன்று வருடம் பேசாத தையல்காரர்தான் முதலில் பேசினார். "நீங்க கேக்க வேணாம்க்கா. எல்லார்கிட்டயும் நான் கேக்குறேன்" என்றார். அப்போதுதான் அவள் உடைந்தாள். "நான் தர்மத்துக்குக் குடுக்கலைங்க. அவர் மேல இருந்த ஆத்திரத்துல குடுத்தேன். அங்கேயே இருங்கன்னு சொல்லி அனுப்பினேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பதின்மூன்று பேரில் ஒருவரும் தன் துண்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மாவுச் சாக்கைப் பிரித்துவிட்டு, தையல்காரர் கொட்டகை முற்றத்திலேயே சட்டையைத் திரும்பத் தைத்தார். மீன் வெட்டும் வீட்டார், முன்பு அலமாரியிலிருந்து எடுத்துப்போன அவருடைய பழைய கத்தரிக்கோலையும் கழுவி அனுப்பியிருந்தார்கள். மொக்கையாகிப் போயிருந்தது, ஆனாலும் அதையே வைத்து வெட்டினார். மார்பு ஓட்டைக்குத் துணி இல்லாமல் வேலை நின்றது. எந்தத் துணியை வைத்தாலும் ஊசி இறங்க மறுத்தது. நான்காவது ஊசி உடைந்தபோது தபால்காரர் மனைவி காக்கிச் சட்டை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். கணவர் போனதிலிருந்து அவர் அந்த வீட்டிலிருந்து கொட்டகைக்கு ஒரு துரும்பைக்கூட அனுப்பியதில்லை.

"இதுல வெட்டிக்கோங்க" என்றார்.

"குடுத்தா திரும்ப வராதும்மா" என்றாள் தராசக்கா.

"தெரியும். பலகையைப் படிச்சுக்கிட்டுத்தான் உள்ள வந்தேன்."

காக்கித் துண்டில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

பிறகு சட்டைக்கு வைத்தியம் நடந்தது. நர்ஸம்மா சொன்னபடி பிரிப்பு மேசையில் அதைக் குப்புறப் படுக்கவைத்து, மார்புக்கு அடியில் கேப்டனின் மெத்தைப் பஞ்சில் செய்த தலையணையைக் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பினார்கள். காலையும் மாலையும் வெந்நீர் ஆவி காட்டினார்கள். முறை போட்டு வந்தவர்கள் அந்தப் பதின்மூன்று பேர்தான். அவரவர் துண்டின் இருமல் அவரவருக்குப் பழகியிருந்தது. தராசக்கா பக்கத்திலேயே பாட்டில்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, "குடை ஒன்பதும் இங்கேதான் இருக்கு. வேணும்னா இன்னும் ஒன்பது கொண்டாங்க" என்று கழுத்துப்பட்டியிடம் சொன்னாள்.

வைத்தியம் தொடங்கிய ஆறாம் நாள் நண்பகலில், அவள் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, சட்டையின் இருமல் நின்றது. குழாய்களும் நின்றன. நர்ஸம்மா ஓடிவந்து குழல் வைத்துக் கேட்டார். துணியில் துணியின் சத்தம்தான் இருந்தது. ரொட்டிக்காரர் தன் சைக்கிளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குணமானாலும் இருமல் நிற்கும், போனாலும் நிற்கும். எது என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை, தெரிந்ததுபோல் பேசவும் யாருக்கும் துணிவில்லை. அதற்குப் பிறகு எழுபத்திரண்டு நாள் தராசக்கா தினமும் காலையில் சட்டையைத் தராசில் வைத்தாள். முந்நூற்று நாற்பது கிராம் இருந்தது. சில நாள் ஐந்து கிராம் கூடும். உயிர் என்று நினைப்பாள். பிறகு கடல் ஈரம் என்று நினைப்பாள். அந்த எழுபத்திரண்டு நாளில் அவளுடைய தலைமுடி முன்பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. கண்ணாடித் துண்டு கையைக் கிழித்தாலும் அவளுக்குத் தெரியாமல் போனது. வீட்டில் நடக்க இப்போது நிறைய இடம் இருந்தது. அந்த இடம் அவளைத் தூங்கவிடவில்லை.

தொண்ணூற்றேழாம் நாள் கப்பல் வந்தது. ஏழாவது ஆளாகக் கேப்டன் இறங்கினார். பாதி உடம்பாக இருந்தார். தராசக்கா ஓடவில்லை, அழவில்லை. கிட்டே போய் அவருடைய கையைத் தூக்கி, எடை பார்ப்பவளைப்போலக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். பிறகுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தபோது எத்தனையோ கைகள் தன்னைத் திருப்பியதாகவும், நர்ஸைக் கேட்டால் யாரும் தொடவில்லை என்று சொன்னதாகவும் அவர் சொன்னார். தோளிலும் முதுகிலும் தோலின் மேல் மெல்லிய தையல் கோடுகள் ஓடின. தையல்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, வலது தோளில் கொஞ்சம் கோணிவிட்டது என்று வருத்தப்பட்டார். இடது மார்பில் உள்ளங்கை அளவு தோல் மட்டும் காக்கி நிறத்தில் இருந்தது. தொட்டால் வலிக்கவில்லை.

மறுநாள் காலை கொட்டகையில் தகரம் நசுக்கிக்கொண்டிருந்த கேப்டன், பதினொரு மணிக்குச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தார். தராசக்கா பின்னாலேயே போனாள். அவர் தபால்காரர் வீட்டு வாசலில் நின்று, இல்லாத பையை ஒருமுறை துழாவி, "இந்த வீட்டுக்கு இன்னைக்கு லெட்டர் இல்லீங்க" என்றார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. வெகுநேரம் கழித்துத் தபால்காரர் மனைவி வெளியே வந்தார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. கேப்டன் வாங்கிக் குடித்தார். ஏன் அங்கே வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு பெண்களும் அவருடைய தோளுக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தராசக்காவுக்கு வந்ததைப் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும், அவளும் அதை மறைக்கவில்லை. திரும்பி வந்து தராசின் முன்னால் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் கண் பலகையின் பக்கம் போய்ப் போய் வந்தது.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. கப்பல் வாரம் இரண்டு முறை வருகிறது. கொட்டகையில் பிரிப்பு வேலை முன்போலவே நடக்கிறது, பலகையும் அங்கேயே தொங்குகிறது. சட்டை துணி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் இருக்கிறது. யாரும் அதை எடுப்பதில்லை. பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேப்டன் எழுந்து கையைக் கழுவுகிறார். மழை நாளாக இருந்தால் தராசக்கா அந்த ஒன்பது குடைகளில் ஒன்றை விரித்து, கம்பியைச் சரிபார்த்து அவர் கையில் கொடுக்கிறாள். "போயிட்டு வாங்க" என்கிறாள். பதினொன்றேகாலுக்கு அவர் வந்துவிடுகிறார்.