செல்லாத ரேகை

இடுகாட்டுத் தோப்பில் தங்கை எனிஃபாவின் குழிக்கு இடம் காட்டி, முதல் மண்ணைக் கொத்திக் கொடுத்துவிட்டுத் திரும்பிய லிங்சன், வாசலில் நின்ற அவள் புருஷன் பிளாக்சனின் கட்டைவிரலில் நீல மை இருப்பதைப் பார்த்தான். மாமரத்தடியில் மருந்து ஆராய்ச்சிக்காரர்களின் வெள்ளை வண்டி நின்றது. சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் மாவோ விறகோ கொண்டுவருவார்கள். இவர்கள் ஐஸ் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள்.

"என்ன மாப்ளே, விரல்ல மை?"

"டாக்டர் கேட்டாரு. எனிஃபா உடம்புல ஊசி விட்டு ஈரல்ல துளியூண்டு எடுக்கணுமாம். வெளிய தெரியாதாம்."

"நீயும் ரேகை வெச்சுட்ட."

"என் பொண்டாட்டிதானே."

"நேத்து வரைக்கும் உன் பொண்டாட்டி. இன்னிக்கு எங்க வீட்டுப் பொண்ணு. அவ உடம்பப் பத்திப் பேச உனக்கு வாய் கிடையாது."

பிளாக்சன் விரலைச் சட்டையில் தேய்த்தான். பெண் வீட்டோடு வந்து குடியிருக்கிறவனுக்கு இது தெரியாததல்ல. வண்டியில் வந்த டாக்டர் மரியாதையாகக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது, பாவம்.

டாக்டர் கோண்ட்வே அதே நாட்டின் வடக்குப் பகுதிக்காரர். லிங்சன் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. எங்க பக்கம் புருஷன் சொன்னாப் போதும்."

"இங்க கூடப்பொறந்தவன் சொல்லணும். இவ்வளவு படிச்சீங்க, இத யாரும் சொல்லித் தரலையா?"

"அந்த ரேகை செல்லாதுன்னு ஆபீசுக்குச் சொல்லிடறேன். நீங்க சொல்லுங்க, எடுக்கலாமா?"

"எதுக்கு எடுக்கணும்?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு மஞ்சளாச்சு இல்லையா? மலேரியாவுலயும் ஆகும். எங்க மாத்திரையாலயும் ஆகலாம். ஈரலைப் பாத்தாத்தான் தெரியும். குழிக்குள்ள போயிட்டா எப்பவுமே தெரியாது."

மலேரியா வராமல் தடுக்கும் அந்தப் புது மாத்திரையை எனிஃபா மாதாமாதம் விழுங்கினாள். அவளுடைய எட்டு வயது மகள் தியன்ஜானேயும் விழுங்குகிறாள். வண்டியைக் கண்டால் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு குவளையோடு வந்து வாயைத் திறந்து நிற்பார்கள். கோழிக்குஞ்சுகள் என்று லிங்சனே கேலி செய்திருக்கிறான். அடுத்த மாத்திரை இந்த வாரம்.

அவன் வீட்டுக்குள் போனான். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த பெண்களிடம் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னான். பாட்டு நின்றது. பெரியம்மா ஃபலேசி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ரத்தம் உறிஞ்ச வந்தவனுக்கு நீயே கதவத் தொறந்து விடுறியா? குறை உடம்போட அனுப்பினா அவ நம்மள சும்மா விடுவாளா?"

"செத்தவ கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன், பெரியம்மா. இருக்கறவளுக்கு யார் பதில் சொல்றது?"

பெரியம்மா வாசலில் தனியாக நின்ற தியன்ஜானேயைப் பார்த்தாள். பிறகு எனிஃபாவின் முகத்தைத் துணியால் மூடினாள்.

"உன் தலையில," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அந்த ஊரில் பிணத்தைத் தனியாக விட்டதே கிடையாது. குழி வெட்டுகிறவர்களைக் காத்திருக்கச் சொல்லி ஆளனுப்பிவிட்டு லிங்சன் மாமரத்தடிக்குப் போனபோது, ஊரே அவனை முறைத்துக்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டி வண்டியில் ஏறியிருந்தது. டாக்டர் கைபேசியைப் பையில் போட்டார்.

"எடுத்துக்கங்க. வீட்டக் காலி பண்ணிட்டேன்."

"வேண்டாமாம் அண்ணே."

"யாருக்கு வேண்டாம்?"

"மேலிடத்துல. மலேரியான்னு முடிவு பண்ணிட்டாங்க."

"யார் வந்து பாத்தாங்க?"

டாக்டர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்த மாசம் மருந்துக்கு அனுமதி வரணும். ரேகை செல்லாதுன்னு நான் சொன்னதும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. உங்க வழக்கத்துக்கு மரியாதை குடுக்கணுமாம்."

"வழக்கம் நான்தான். நான் சரின்னு சொல்றேன்."

"இனிமே யார்கிட்டயும் கேக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் பேசிப் பாத்தேன். நிஜமாத்தான்."

லிங்சனுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. தான் பிடித்த நியாயமே தன் கழுத்தைப் பிடித்துவிட்டது என்று நினைத்தபோது கை தளர்ந்தது.

"புள்ளைக்கு மாத்திரை?"

"நிறுத்தச் சொல்லி இன்னும் உத்தரவு வரல."

வீட்டுக்குள் பெண்கள் திரும்பப் போனார்கள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. டிரைவர் வண்டிக் கதவைச் சாத்திய சத்தம் கேட்டு, தியன்ஜானே குவளை நிறையத் தண்ணீரோடு வந்து நின்றாள். டாக்டரைப் பார்த்துத் தலையை உயர்த்தி வாயைத் திறந்தாள்.

லிங்சன் குவளையை வாங்கித் தண்ணீர் முழுவதையும் தானே குடித்தான். அவள் இன்னும் வாயைத் திறந்தபடிதான் நின்றாள்.