இடம் மாறிய குதிரை

"அதைத் தொடாதே!" என்று சின்னவள் போட்ட சத்தத்தில் துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சதுரங்கப் பலகையைத் தூக்கப் போன அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"நாற்காலி போட இடமில்லடி."

"அப்பா இன்னும் முடிக்கலை."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காலையில் எழுந்திருக்காத அப்பா கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார், இனி எதையும் முடிப்பதாக இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்கு இதுதான் வேலை. எவர் எவரோ நிஜமாக ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்த புதிர்களைப் புத்தகம் பார்த்து அடுக்குவார். விடை கிடைக்கும்வரை பலகை பக்கம் யாரும் போகக்கூடாது. விடைப் பக்கங்களைத் தானே ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தார். எந்தப் புதிரும் ஒரு நாள் தாங்காது. கடைசிப் புதிர் மட்டும், மூன்றே நகர்த்தலில் வெள்ளை ஜெயிக்கும் என்று சொல்லிவிட்டு, ஆறு நாளாக அவரைப் பாடாய்ப் படுத்தியது.

"இதை உண்டாக்குன ஆளு லேசுப்பட்ட ஆளு இல்ல!" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். சின்னவள் தட்டை விட்டுத் தலை தூக்கமாட்டாள். தூசி தட்டும்போது கறுப்புக் குதிரையைத் தள்ளிவிட்டு, எடுத்து ஏதோ ஒரு கட்டத்தில் வைத்தது அவள்தான். திட்டுவாரே என்று வாயே திறக்கவில்லை. நாற்பது வயதில்!

அப்பாவின் இருபது வருஷக் கூட்டாளி தையல்காரர் வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் கால்கள் தாமாகப் பலகையிடம் போய்விட்டன. சின்னவள் பக்கத்தில் போய் நடந்ததையெல்லாம் சொல்லிக் கொட்டினாள்.

"கடைசி வரைக்கும் அவரைத் தவிக்க விட்டுட்டேன், மாமா."

தையல்காரர் புத்தகத்தை எடுத்தார். புதிரின் ஓரத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து.

"முதல் நாளே கண்டுபிடிச்சிருக்காரும்மா. 'குதிரை இடம் மாறியிருக்கு, சின்னவ வேலை. புத்தகத்துப் புதிர் சுலபம். இவ புதிரை அவிழ்த்துப் பார்ப்போம்'னு எழுதியிருக்கார்."

"அவிழ்த்தாரா?"

தையல்காரர் காய்களைத் தொடாமல் காற்றில் விரலை நகர்த்தினார். "நேத்து தேதி போட்டிருக்கு. ஏழு நகர்த்தல். ஜெயிச்சுட்டார்ம்மா!"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. கைக்குட்டையால் வாயைப் பொத்தினார், தோள்கள் குலுங்கின. அக்கா தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"நீங்களே இப்படி உடைஞ்சு போனா எப்படி, மாமா?"

சின்னவளும் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டு அத்தை வந்து அவள் முதுகைத் தடவினாள். "அடக்காதே கண்ணு. நல்லா அழுதுடு."

அத்தை சொன்னபடியே செய்தாள் சின்னவள்.