வட்டிலப்பத் தட்டு

கிளினிக்கில் என் கணவர் முனாபின் சீனி அளவுக் கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் நர்ஸ் மிஸ் என்னைத்தான் புகழ்வார். "சீனி வருத்தக்காரரப் பாக்கிறண்டா கைருன்னிஸாவப் போல பாக்கணும்." மூன்று வருடமாக அந்த வார்த்தை என்னுடையது. அதற்காக வீட்டில் சீனிப் போத்தலே வைப்பதில்லை. சம்மாந்துறை மில்லிலிருந்து சிவப்பரிசி எடுப்பித்து, அளந்துதான் ஆக்குவேன்.

மார்ச் மாதம் பக்கத்து வீட்டிலிருக்கும் என் தங்கை முஸ்பிறாவுக்கும் சீனி வருத்தம் வந்தது. அவள் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடந்தாள். முற்றத்துச் சீமெந்தை உடைத்துப் பொன்னாங்காணி நட்டாள். ஜூன் மாதம் அவளுடைய சீனி எண் 104. மிஸ் அவளுடைய கொப்பியை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். எங்கள் கொப்பியைத் திறந்து மூடிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மூன்று வருடமாக என்னுடையதாக இருந்த வார்த்தை அன்றோடு அவளுடையதாகிவிட்டது.

முஸ்பிறாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் என்றால் உயிர். அவள் கணவர் இன்ஸாப் திங்களும் வியாழனும் சுன்னத்து நோன்பு பிடிப்பவர். நோன்பு துறக்க அனுப்புவதை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வீட்டுக்குள் போய்விட்டால் அவளும் ஒரு கரண்டி எடுப்பாள், எண் ஏறும். இப்படித்தான் நினைத்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மதில் கேட்டடியில் வட்டிலப்பத் தட்டை நீட்டினேன்.

"எனக்குக் கூடாதே கா ராத்தா."

"ஒன்ன ஆரு தின்னச் சொன்ன? இன்ஸாபுக்கு. தின்டாலும் என்ன, கடற்கரை மணலெல்லாம் ஒன்ட காலுக்குள்ளதான கிடக்கு."

சிரித்துக்கொண்டே வாங்கினாள். மறுநாள் தட்டு வழித்துத் துடைத்தாற்போல வந்தது, மேலே ஒரு பிடி கீரையோடு. அந்தக் கீரையின் பச்சையைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் தட்டு காலியாக வந்ததில் சந்தோசம். மூன்று மாதம் விடாமல் அனுப்பினேன்.

செப்டெம்பரில் முஸ்பிறாவுக்கு 98. முனாபுக்கு 236.

"என்ன குடுத்த இவருக்கு?" என்றார் மிஸ்.

"அல்லாஹ்மேல ஆணையா, எங்கட ஊட்ட சீனி ஒரு துள்ளி இல்ல மிஸ்!"

முனாப் நிலத்தைப் பார்த்தார். பின்வரிசை வாங்கில் இருந்த முஸ்பிறா, "செல்லுங்களன் மச்சான்" என்றாள்.

"கிழமைக்கு ரெண்டு தரம் வட்டிலப்பம் அவிக்கிறா மிஸ். ஊடு முழுக்க வாசம். எனக்கு நக்கவும் தரல்ல. அந்தியில மஃரிபுக்குப் பொறகு சகலன்ட ஊட்ட போனா, முழுத்தட்டும் மேசையில கிடக்கு. அவர் ஒரு துண்டு எடுப்பார். மிச்சம் நான்தான்."

வரிசை முழுவதும் சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசமும் இப்பிடியெண்டா இன்சுலின் ஊசிதான். இவருக்குக் குடுக்காதத ஏன் செஞ்ச?"

முஸ்பிறா என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் முனாபின் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி என் கையில் தந்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு முனாபின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கேட்டைத் தட்டினேன்.

"வாங்ககா ராத்தா. நேத்து கிளினிக்குக்கு முந்தி நீங்க தந்த தட்டு, மச்சான் வராம அப்பிடியே இரிந்திச்சி, கோழிக்குப் போட்ட. ஒங்கட கைப்பக்குவம், கோழியும் சண்டை புடிச்சித்தான் தின்னிச்சி."

கடற்கரையில் தோணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் எங்களுக்கு இருபது அடி முன்னால், ஈர மணலில் மூச்சு வாங்காமல் போனாள். முனாப் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"மெதுவாப் போவமே."

"எட்டி வைங்க," என்றேன். என் கண் அவளுடைய குதிகாலிலேயே இருந்தது. "அந்தத் தோணியடிக்குப் போறதுக்குள்ள அவள முந்தணும்."