பெரிய பொத்தான்

முகம் முழுக்க சோப்பு நுரையோடு அவன் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். கூடத்து மேசையில் இருந்த கணினி மெல்ல ஒலித்தது காதில் விழுந்துவிட்டது. தன் இணையக் கருவியின் புதுப் பதிப்பை வெளியிட்டுவிட்டு இப்போதுதான் எழுந்து வந்திருந்தான். அதற்குள் யாரோ ஏதோ எழுதிவிட்டார்கள்.

"நுரையக் கழுவிட்டுப் போங்க. அது என்ன ஓடியா போயிடும்?" என்றாள் மனைவி.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று நேற்றல்ல, அந்தக் கருவியை நாலு பேர் பார்வைக்கு விட்டதிலிருந்தே இப்படித்தான். அவனும் அவள் அண்ணனும் சேர்ந்து செய்தது அது. எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசரில் திறந்தால் போதும். ஒரு வலைத்தளத்தைக் கட்டுவதற்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்று வரைந்து பார்க்கலாம். இங்கே ஒரு படம், இங்கே நாலு வரி, இங்கே ஒரு பொத்தான். எல்லாம் வெறும் மாதிரிதான். அழுத்தினால் எதுவும் நடக்காது. தெரிந்தவர்களுக்கும், அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் லிங்க் அனுப்பி, குறை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்ப் பார்ப்பான். கடையில் வரிசையில் நிற்கும்போது பார்ப்பான். பெரும்பாலோர் 'சூப்பர்' என்று எழுதிவிட்டுக் காணாமல் போனார்கள். "சூப்பர்னு சொன்னவங்க திறந்தே பாக்கலன்னு அர்த்தம், மாப்ள. திட்டறவங்கதான் நம்ம ஆளு" என்பான் மச்சான்.

விடாமல் எழுதியது ஒரே ஒருவர்தான். பெயர் கொடுக்கவில்லை, தொலைபேசி எண் மட்டும் இருந்தது. பொத்தானை இன்னும் பெரிதாக்க வழி இருக்கிறதா என்று முதலில் கேட்டார். அப்புறம், அதைவிடப் பெரிதாக. பிறகு, தொட்டதும் நிறம் மாறினால் நன்றாக இருக்கும் என்று. மச்சான் அவருக்கு 'பெரிய பொத்தான்' என்றே பெயர் வைத்துவிட்டான். "என்ன கடைக்கு வெப்சைட் போடறாங்களோ? பொத்தானப் பாத்தா சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு." ஒருநாள் மச்சானைக் கேட்காமல் அவனே பொறுமையிழந்து பதில் எழுதினான்: இது மாதிரிப் பக்கம் வரைவதற்கு மட்டுமே, பொத்தான்கள் வேலை செய்யாது. உடனே பதில் வந்தது. 'வேலை செய்யறத நாங்க பாத்துக்கறோம். பெருசா இருந்தாப் போதும்.'

அவனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வடிவமைப்பு என்றால் அதற்கு ஓர் அளவு வேண்டாமா? இன்று மதியம் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் கருவியைக் காட்டப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் இதில்தான் வரைவார்கள். அங்கே யாராவது தட்டு அளவுப் பொத்தானை இழுத்துக் காட்டிச் சிரித்துவிட்டால்? ஆகவே புதுப் பதிப்பில் ஒரு வரம்பு வைத்தான். கண்ணை உறுத்தாத அளவுக்கு மேல் எந்தப் பொத்தானும் வளராது. ஏற்கெனவே வளர்ந்திருப்பவையும் பக்கத்தைத் திறந்ததும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். நல்ல வேலை செய்தோம் என்ற நிறைவோடுதான் முகம் கழுவப் போனான்.

இப்போது திரையில் இருந்தது இது: 'இன்னிக்குத் திறந்தா பொத்தான் எல்லாம் சின்னதாயிடுச்சு. அவருக்கு விரல் நிக்காது. தண்ணி கேக்கறப்போ போர்வை மேல படுது. எது வேணும்னு எனக்குத் தெரியல. பழையபடி ஆக்கித் தர முடியுமா?'

இரண்டாம் முறை படித்தான். முகத்தில் நுரை காய்ந்து தோலை இழுத்தது. கருவியைச் சோதித்துப் பார்க்கும் எல்லோரையும் போல, தன் பக்கத்தைத் திறந்து பார்க்க அவரும் ஏற்கெனவே அனுமதி தந்திருந்தார். அவன்தான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறந்தான். படமில்லை, வரிகள் இல்லை. வெள்ளைப் பரப்பில் ஆறு பொத்தான்கள் சுருங்கி, ஒரு மூலைக்கு நகர்ந்து ஒட்டி ஒட்டிக் கிடந்தன. தண்ணி. வலி. போர்வை. ஜன்னல். ரேடியோ. போதும்.

"கடவுளே" என்றான். மனைவி வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அவள் தினமும் காலையில் கண் மூடி, பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறவள். இப்போது துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மச்சான் இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வந்து சேர்ந்தபோது, அவன் வரம்பை நீக்கிக்கொண்டிருந்தான்.

"கிளம்பற நேரத்துல எதுக்கு மாப்ள கை வைக்கற? ஒண்ணத் தொட்டா ஒன்பது உடையும். அங்க போய் மானம் போகவா?"

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். மச்சான் படித்தான்.

"தட்டு தட்டுன்னு சொன்னேனே" என்றான் மச்சான்.

வரம்பை எடுத்துவிட்டதாலேயே பழைய அளவு திரும்பிவிடாது. சுருங்கிய அளவே சேமிக்கப்பட்டிருந்தது. எது எங்கே எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். கேட்டு முடிப்பதற்குள் நிறுவனத்தில் சொன்ன நேரம் தாண்டிவிடும்.

"நீ இத முடி. நான் போறேன்" என்றான் மச்சான்.

"உனக்கு அதுல பாதி தெரியாதே மச்சான்."

"பாதி தெரியும்ல? மீதிய என் தங்கச்சி வீட்டுக்காரர் ஊர்ல இல்லன்னு சொல்லிச் சமாளிக்கறேன்."

"நான்தான் உன் தங்கச்சி வீட்டுக்காரன்."

"அதான் பொய் சரளமா வருது." படியிறங்கும்போது ஷூ சத்தம் ஒருமுறை நின்றது. திரும்பி வரப்போகிறான் என்று நினைத்தான். பிறகு சத்தம் தொடர்ந்து கீழே போய்விட்டது.

அவர் கொடுத்திருந்த எண்ணைக் கைப்பேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். எடுத்தது ஒரு பெண்குரல். பின்னால் தையல் இயந்திரம் ஓடி நின்றது. வீட்டிலிருந்தே திரைச்சீலைகள் தைப்பதாகச் சொன்னார். கணவர் பேருந்து ஓட்டியவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மடியில் டேப்லெட்டை வைத்தால் இடது கையால் தொடுவார்.

"நான்தான்மா பண்ணினேன். உங்களக் கேக்காம சின்னதாக்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

"ஐயோ, அத விடுங்க தம்பி. இத்தன நாள் உங்களாலதான ஓடுச்சு" என்றார் அவர்.

அந்தச் சொல் திட்டைவிட அதிகமாக அவனைச் சுட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டு இழுத்தான். தண்ணி இடப்பக்கம், கைக்கு நேராக. இன்னும் பெருசா. இன்னும். வலி அதற்குக் கீழே, ஆனால் கொஞ்சம் தள்ளி. தவறிப் பட்டால் அந்த அம்மா பதறிப் போய்விடுவாராம். ஜன்னல் மேலே. போதும் ஓரத்தில். இடைவெளி விட்டு விட்டு அடுக்கினான். கண்ணை உறுத்தும் பக்கம்தான். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. மச்சானிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கால் தானாக ஆடியது. மனைவி அவன் முழங்காலில் கை வைத்து நிறுத்திவிட்டுப் போனாள்.

"இப்ப தொடச் சொல்லிப் பாருங்கம்மா. அவர் தொடற இடம் எனக்கும் இங்க தெரியும்."

இரண்டு பேர் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசுவதற்காக அவன்தான் அந்த வசதியைச் செய்திருந்தான். தொட்ட இடத்தில் ஒரு சின்ன வட்டம் தோன்றி மறையும். இப்போது வட்டம் தோன்றியது. தண்ணியின் விளிம்பில் தடுமாறி, நழுவி, மறுபடி வந்து அதன் நடுவில் நின்றது.

"தண்ணி" என்றார் அந்த அம்மா. "இருங்க, குடுத்துட்டு வரேன்."

தொலைபேசியில் தம்ளர் வைக்கும் ஓசை. ஒரு நீண்ட மிடறு. பிறகு வட்டம் மீண்டும் வந்தது. ஜன்னலைத் தாண்டியது. ரேடியோவைத் தாண்டியது. எதுவுமே இல்லாத வெள்ளையில், பக்கத்தின் கீழே, போய் நின்றது. மறைந்தது. அதே இடத்தில் மறுபடி.

"கை தவறிப் படுதா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. எம்மேல கண்ண வச்சிட்டு அங்கயே தொடறாரு. முன்னாடியும் இப்படித்தான். அங்க ஒண்ணும் இல்லன்னு நான் கையத் தூக்கி வேற பக்கம் வச்சிடுவேன்." தம்ளர் நகரும் ஓசை கேட்டது. "என்ன கேக்கறாருன்னு தெரியல."

கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. மச்சானின் பெயர் ஒளிர்ந்தது. அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

வட்டம் வந்து வந்து போன அந்த இடத்தில் ஒரு புதுப் பொத்தானை இழுத்து வைத்தான். ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்கினான், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக. உள்ளே எழுத வேண்டிய இடத்தில் கோடு மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. வட்டம் நடுங்கியபடி வந்து, காலியான அந்தப் பொத்தானின்மேல் நின்றது.