நாலு விரற்கடை உயரம்

முப்பத்தேழு குளவிகள் கொட்டியதில் செங்கல் என்ற பெண்குதிரை, அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணி முதல் தரையில் கால் படாமல் நின்றது. நாலு விரற்கடை உயரம். குதிரை டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். குளம்புக்கும் மண்ணுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். நாலு விரலும் தாராளமாகப் போய் வந்தன. அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். அவருக்குக் கவலை அதைப் பற்றியல்ல, மூக்கைப் பற்றி. குதிரைக்கு வாயால் மூச்சுவிடத் தெரியாது, மூக்குத் துளை வீங்கி அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது. கழுத்தில் ஊசி போட்டுவிட்டு, மூச்சை எண்ணியபடி சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். லாயக்காரி ஈரச் சாக்குகளை விலாவில் போர்த்தினாள். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு தடிப்பிலும் பூசினாள். கொடுக்கைத் தேடி நகத்தால் சுரண்டப் போனவளை டாக்டர் தடுத்தார்.

"தேனீதாம்மா கொடுக்கை விட்டுட்டுப் போகும். இது குளவி. கொடுக்கோட வந்துச்சு, கொடுக்கோட போயிருக்கு. நாளைக்கும் வரும்."

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. குதிரை இறங்கவில்லை. காற்றையே மிதித்து நடக்கப் பழகிக்கொண்டது. மேயும்போது கழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாழ்த்திக்கொண்டது. "வீக்கத்துக்கு மருந்து உண்டு, இதுக்குக் கிடையாது. தின்னுது, லத்தி போடுது. வேற என்ன வேணும்?" என்று டாக்டர் பையை மூடினார். லாடம் அடிக்கிறவர் மட்டும் வாசலோடு திரும்பிப் போனார். தேயாத குளம்புக்கு லாடம் எதற்கு? தன் பிழைப்பைக் கெடுக்கவே லாயக்காரி குதிரையை இப்படிப் பழக்கிவிட்டாள் என்று அவர் பல வருஷம் நம்பினார்.

லாயக்காரிக்கோ வேறு சந்தேகம். புருஷன் இறந்து இரண்டு வருஷமாக நாலு குதிரைகளையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்து, குழந்தைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்து வந்தவள் அவள். எதுவும் தானாக நடக்காது, யாரோ நடத்துகிறார்கள் என்பதில் உறுதியாக இருந்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கொழுந்தன் இருந்தான். பெயின்டர். அண்ணன் இறந்த மாதத்திலிருந்தே, கீழ்ப்பக்கத்து மேய்ச்சல் நிலத்தைத் தனக்கு விட்டுக்கொடுக்கும்படியும் அதில் ஒரு பட்டறை போட்டுக்கொள்வதாகவும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் முடியாது என்றே சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவன் அந்த வாரம் நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தினமும் வந்து செங்கல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். ஒருநாள் கேரட் வேறு கொண்டுவந்தான். அந்தக் கேரட்டை அவள் முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

அடுத்த வாரம் வாத்தியார் என்ற கிழட்டுக் குதிரைக்குப் பதினாலு கொட்டு. உயரம் ஒன்றரை விரற்கடை. குதிரைகள் எல்லாவற்றையும் லாயத்துக்குள் அடைத்துவிட்டு, கூடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பினாள். உச்சி வெயிலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குளவிகள் எந்தப் பக்கமாகப் பறந்து எங்கே மறைகின்றன என்று இரண்டு மணி நேரம் பார்த்தாள். கீழ்ப்பக்க வேலியின் மூலைக் கம்பத்தடியில் பழைய எலிவளை ஒன்று இருந்தது. அதன் வாயில் குளவிகள் போவதும் வருவதுமாக இருந்தன. பக்கத்துப் புல்லில் பச்சை பெயின்ட் சொட்டியிருந்தது. தொட்டாள், விரலில் ஒட்டியது.

கொழுந்தன் அந்த வாரம் பள்ளிக்கூடத்து கேட்டுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தான். நேரே அங்கே போய் நின்றாள்.

"கீழ்ப்பக்கம் உனக்கு என்ன தம்பி வேலை?"

"எனக்கென்ன வேலை அண்ணி? போன வருஷம் வேலிக்குப் பெயின்ட் அடிச்சேனே, அது சொட்டியிருக்கும்."

"வேலி வெள்ளை."

அவன் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்த இடத்திலேயே மறுபடி அடித்தான். வீட்டுக்கு வந்தவள், அடுக்கிலிருந்த அவனுடைய காபி டம்ளரை எடுத்துப் பரணில் போட்டாள். லாயத்தின் பூட்டை மாற்றினாள். குளவிகளை அவன்தான் எங்கிருந்தோ பிடித்துவந்து குடிவைத்து, தீனி போட்டு வளர்க்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் பாக்கி.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாத வேளையில், புல் அள்ளும் கவைக்கோலைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பக்கம் போனாள். புல்லெல்லாம் பனி. மூலைக் கம்பத்தடியில் மழைக்கோட்டு போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவன் குனிந்து வாளியிலிருந்து எதையோ வளைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா ஊத்துற அதுல?"

அவள் போட்ட சத்தத்தில் அவன் துள்ளித் திரும்பினான். வாளி உருண்டது. வளைக்கு மேலிருந்த மண் உள்ளே பொத்தலாக இருந்ததால், அவன் வலது கால் முழங்கால் வரை கூட்டுக்குள் இறங்கியது. குளிரில் முடங்கிக் கிடந்த குளவிகள் மொத்தமும் கிளம்பின. கவிழ்ந்த வாளியிலிருந்து அவள் காலடிக்கு ஓடிவந்தது வெறும் சோப்புத் தண்ணீர். நுரையில் லேசாகப் பச்சை. கவைக்கோலைப் போட்டுவிட்டு ஓடி, அவன் மழைக்கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து, லாயத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அவளுக்கு ஆறு கொட்டு, அவனுக்கு அறுபத்திரண்டு. வைக்கோலில் படுக்க வைத்தாள். ஆனால் வைக்கோலுக்கு ஒரு சாண் மேலேதான் அவன் படுத்திருந்தான்; ஆறே கொட்டு வாங்கிய அவள் கால் தரையில்தான் இருந்தது. மனுஷ டாக்டர் வெளியூர் போயிருந்ததால் குதிரை டாக்டரே வந்தார். எடையைக் கேட்டு, மருந்தை அளந்து ஊசி போட்டார். அதே ஈரச் சாக்கு, அதே சோடா. இமை இரண்டும் மூடிக்கொண்ட முகத்தோடு அவன் பேச ஆரம்பித்தான்.

"வெயில் ஆரம்பிச்சப்பவே பார்த்தேன் அண்ணி. ஒரே ஒரு ராணிக் குளவி. வளைக்குள்ள போச்சு. ஒரு கை மண்ணைப் போட்டு மிதிச்சிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும். மிதிக்கல. அங்க குதிரை மேய முடியலைன்னா நிலத்தை விட்டுடுவீங்கன்னு கணக்குப் போட்டேன். செங்கல் மூச்சுக்குத் திணறினதைப் பார்த்தப்புறம் மனசு கேக்கல. அஞ்சு நாளா காலையில வந்து சோப்புத் தண்ணி ஊத்துறேன். சாக மாட்டேங்குது."

சந்தேகப்பட்டது சரி, பிடித்த வேளைதான் தப்பு. இதில் எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு வெட்கப்படுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தான் கத்தாமல் இருந்திருந்தால் அவன் கால் உள்ளே போயிருக்காது என்பதும் தெரிந்தது. சோடாவைக் குழைத்து அவன் நெற்றியில் பூசினாள்.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"அப்ப பேசாம கிட."

மறுநாள் விடியலில் அவளே போனாள். கனத்த துணியைப் போர்த்திக்கொண்டு, மூன்று வாளி சோப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, களிமண்ணால் வாயை அடைத்து, மேலே கல்லை வைத்து மிதித்தாள். ஒரு வாரம் விட்டுத் தோண்டிப் பார்த்தபோது தவலை அளவுக்குக் கூடு வெளியே வந்தது, உதிர்ந்த காகிதம் மாதிரி. உளுத்த கம்பத்தைப் பிடுங்கிப் புதுசு நட்டாள். ஒவ்வொரு வருஷமும் வெயில் தொடங்கும்போது நிலத்தை அடி அடியாக நடந்து, கண்ணில் பட்ட வளையையெல்லாம் அடைத்தாள். அதற்குப் பிறகு குளவி ஒரு குதிரையையும் கொட்டவில்லை.

குதிரைகளும் இறங்கவில்லை. சவாரிக்குப் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் முதலில் யோசித்தார்கள்; பிறகு, குலுங்குவதில்லை என்று தெரிந்ததும் செங்கல்தான் வேண்டுமென்று கேட்டார்கள். டாக்டர் தன் சீட்டில் காய்ச்சல், எடைக்குக் கீழே உயரத்துக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டார். நிலம் லாயக்காரியிடமே இருந்தது. அதைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

கொழுந்தனும் இறங்கவில்லை. ஒரு சாண் என்பது மனுஷனுக்கு ஒன்றும் பெரிய உயரமில்லை. ஆனால் குதிரையைப் போலக் கனமில்லாததால், காற்று பலமாக அடித்தால் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த மாதிரி நாட்களில் லாயக்காரி அவன் இடுப்பில் கயிறு கட்டி, வேலைக்குப் போகும் வீடு வரை கூட்டிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் போய்க் கூட்டிவருவாள். கடைக்காரர்கள் தலையாட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார்கள். முடிச்சைத் தானே போட்டுக்கொள்வதாக அவன் பல தடவை சொன்னான். அவள் விடவில்லை. அவன் போடும் முடிச்சை அவள் நம்புவதில்லை.