திரும்பி நிற்கும் வாத்தியாருக்கு ஒரு பக்கம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. என் தலையில் கட்டினார்கள். அண்ணன் ஒரு பயிற்சிப் பள்ளியில் தச்சு வேலை சொல்லித்தரும் வாத்தியார். ‘மாணவர்கள் எப்படிக் கற்றால் நன்றாகக் கற்கிறார்கள் என்பது பற்றி உங்கள் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரவும்’ என்று பள்ளியில் நடந்த ஒரு விபத்துக்கான விசாரணைக் குழு அவரிடம் கேட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் அவரை வேலையில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம்.

“நீதான் கதை கிதைன்னு எழுதுறியே, எழுதிக் குடுடா,” என்றார்.

எழுதினேன்: கற்றல் என்பது மனத்தில் ஒரு விளக்கை ஏற்றுவது போன்ற—

(அடித்துவிட்டேன். அண்ணன் வாயில் இது ஒட்டாது.)

பல ஆண்டு அனுபவத்தில் நான் உணர்ந்தது என்னவென்றால்—

(குழு தூங்கிவிடும். தூங்கினால் நல்லதுதான், ஆனால் அதை நம்ப முடியாது.)

2

அண்ணனின் கொள்கை ஒரே வரி. ஒருமுறை செய்து காட்டுவார். பிறகு மாணவர் கையில் உளியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். “சார், சரியா?” என்று கேட்டாலும் அசைய மாட்டார்.

“பாத்துக்கிட்டே நின்னா என் மூஞ்சியைத்தான்டா படிக்கிறாங்க. என் புருவம் ஏறினா உளியை நிறுத்துறான், இறங்கினா தட்டுறான். மரத்தை எப்போ படிக்கிறது?”

நல்ல கொள்கை என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. அவரிடம் படித்தவர்கள் செய்த அலமாரிக் கதவு முனகாமல் திறக்கும், இடிக்காமல் மூடும். (இது குழுவுக்கு உதவும். பக்கத்தில் சேர்க்க வேண்டும்.)

3

பிறகு பள்ளிக்கு மின் ரம்பம் வந்தது. மேசை நடுவே வட்டமாகச் சுற்றும் வகை. உளிக்கு எடுத்த பாடத்தையே அண்ணன் அதற்கும் எடுத்தார். செய்து காட்டினார், திரும்பி நின்றார். அந்தத் தவறை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். முறைமேல் அவ்வளவு நம்பிக்கை இருக்கிறவரால்தான் முடியும்.

இங்கே ஒரு மாணவர் வரவேண்டும். முதலில் ஒரு துடுக்கான பையனாக எழுதிப் பார்த்தேன். பழியில் பாதி அவன்மேல் போகும், அண்ணன் தப்பிப்பார். ஆனால் அன்று ரம்பத்தின் முன் நின்றவர் இரண்டு பிள்ளைகளின் தாய். துணிக்கடை வேலை போனபின் தச்சு கற்க வந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்பவர். அவர் தள்ளிய பலகை பாதியில் சிக்கி உதறியது. இயந்திரத்தை நிறுத்துவதா, இன்னும் தள்ளுவதா என்று தெரியவில்லை.

“சார்,” என்று கூப்பிட்டார்.

அண்ணன் திரும்பவில்லை.*

அவர் தள்ளினார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

* ரம்பச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அண்ணனுக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். “கேட்டுச்சுடா,” என்றார். “நல்லாவே கேட்டுச்சு. தானா கண்டுபிடிக்கட்டும்னு நின்னேன்.”

4

அண்ணியும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். அண்ணன் வரவில்லை. “தட்டுல கை வச்சுட்டு அப்படியே எழுந்துடுறாரு தம்பி. ஏதாவது கேட்டா எரிஞ்சு விழுறாரு,” என்று வழியெல்லாம் அண்ணி புலம்பிக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார்.

“விசாரிக்க வந்தாங்க. சாரைக் கூப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. கூப்பிடவே இல்லைன்னுட்டேன்.”

“ஏம்மா அப்படிச் சொன்னே?” என்றார் அண்ணி.

“விரல்தான் போச்சு. வாத்தியாரும் போகணுமா? இனிமே இடது கையால ஆரம்பிக்கணும். வேற யாரு அக்கா எனக்குப் பொறுமையா சொல்லிக் குடுப்பா?”

அண்ணி அழுதார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, பக்கத்தை எழுதுவது எளிதாகிவிட்டதே என்று. அந்த நிம்மதி எனக்கே அருவருப்பாக இருந்தது.

5

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன். ‘அவர் கூப்பிட்டார், எனக்குக் கேட்டது’ என்று எழுதினால் அண்ணன் வேலை போகும், அந்தப் பெண் பொய் சொன்னதும் அம்பலமாகும். எழுதாவிட்டால் அண்ணன் மறுபடி ஜன்னல் பக்கம் நிற்பார். அண்ணனே வேலையை விட்டு விலகுகிறார் என்றும் ஒரு முடிவு உண்டு. கதைக்காரர்களுக்குப் பிடித்த முடிவு. அண்ணனுக்குப் பாடம் நடத்துவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதை அது மறந்துவிடுகிறது.

கடைசியில் அந்தக் கூப்பிட்ட குரல் இல்லாமல் பக்கத்தை எழுதி முடித்தேன். அலமாரிக் கதவெல்லாம் போட்டு. நன்றாகவே வந்திருந்தது.

இன்று மாலை அண்ணன் வந்து படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கே,” என்றார். “இதுல ஒரு வாத்தியார் இருக்கானே, அவன்கிட்ட உன் பொண்ணை அனுப்புவியாடா?”

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி உள்ளே வந்தவன், இன்னும் வெளியே போகவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெண் அடுத்த அறையில் எதற்கோ சிரிக்கிறாள். அனுப்புவேன் என்றால் பொய்யென்று அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். அண்ணனுக்கு நீங்கள் போய்ப் பதில் சொல்லுங்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.