நசுக்கிய கரண்டி

எனக்கு வாய் நீளம் என்று இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சொல்லாதவர்கள் இல்லை. இருக்கட்டுமே. மத்தியானம் சங்கு ஊதியதும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற அத்தனை பேருக்கும் மெஸ்ஸில் சோறு போடுகிறவள் நான். வாயில்லாப் பூச்சியாக இருந்திருந்தால் சோற்றோடு சேர்த்து என்னையும் மென்று துப்பியிருப்பார்கள்.

மெஸ்ஸை எடுத்து நடத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு முதலாளி. யாரை வேலையை விட்டு நிறுத்தினாலும் சிரித்துக்கொண்டேதான் நிறுத்துவார். எண்ணெய் விலை ஏறியது, பருப்பு விலை ஏறியது, காஸ் விலை ஏறியது. சாப்பாட்டு விலையை மட்டும் அவரால் ஏற்ற முடியவில்லை. போன தடவை ஏற்றியபோது பாதிப் பேர் வீட்டிலிருந்து டப்பா கட்டிவர ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் ஒருநாள் காலையில் என் குழிக்கரண்டியை வாங்கிக்கொண்டு போய், பட்டறையில் கொடுத்து, அடியை உள்பக்கமாக நசுக்கிக் கொண்டுவந்தார். வாய் அதே அகலம், காம்பு அதே நீளம், வயிறு மட்டும் இல்லை. ஆளுக்கு ரெண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி குழம்பு, பழைய கணக்கேதான், யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே என்றார். சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சமையல்கட்டுக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நான் படுத்துக்கொள்கிற அறையும் இந்த வேலையோடு சேர்ந்ததுதான். வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. எனக்கென்று இருக்கிற நாலு சுவர் அதுதான். வாயை மூடிக்கொண்டேன். ஆயுசில் ஒரே ஒரு தடவை வாயை மூடினேன், அதுவே எனக்கு வினையாக வந்தது.

கரண்டி ஏமாற்றும், வயிறு ஏமாறாது. ஒரு வாரத்துக்குள் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. அதே கரண்டி, அதே ஆள், தட்டில் மட்டும் குறைகிறது என்றால் யார் திருடி? பெட்டிக்குப் பசை தடவுகிற ஒருத்தி இருக்கிறாள், பசைக்காரி என்போம். அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். நான் அரைக் கரண்டிதான் மொள்கிறேனாம், மிச்சத்தை வெளியே விற்கிறேனாம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தன் சாப்பாட்டில் பாதியைப் பிள்ளைகளுக்கு என்று டப்பாவில் போட்டு எடுத்துப் போகிறவள் அவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் வராமலா இருக்கும்? ஒருநாள் எச்சில் தட்டை என் காலடியில் விட்டெறிந்துவிட்டுப் போனாள். அவள் கை விளங்காமல் போக என்று சபித்துக்கொண்டே அதை எடுத்துக் கழுவினேன்.

மனசு கேட்காமல் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர்களுக்கும், முழுகாமல் இருக்கிற ஒரு பெண்ணுக்கும் சோறும் குழம்பும் கொஞ்சம் கூடப் போட்டேன். கரண்டி சிறுத்தபோது முதலாளி சமைக்கிற அளவையும் குறைத்துவிட்டார் என்பதை யோசிக்கவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்குக் குழம்பு பற்றவில்லை. வெறும் சோற்றைத் தின்றுவிட்டு அவர்கள் என்னை வைத வசவைத் திருப்பிச் சொல்ல என் வாய்க்கே கூசும்.

அப்படி நின்றவர்களில் என் தம்பியும் ஒருவன். கூடப்பிறந்தவன், இதே கம்பெனியில் அட்டைக்கு அச்சடிக்கிறான். பரிமாறுகிறவள் தன்னவளானால் பந்தியில் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று மற்றவர்கள் கிண்டல் செய்வதால், ரோஷத்தில் எப்போதும் கடைசியாகத்தான் வருவான். மறுநாளும் கடைசியில் வந்தான். தட்டை நீட்டிக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

"உண்மையச் சொல்லுக்கா. மிச்சத்த எங்க கொண்டு போற?"

பசைக்காரி கேட்டால் பொறுத்துக்கொள்வேன். இவன் கேட்டதும் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பி, வரிசை முழுக்கப் பார்க்கும்படி காட்டினேன். யார் நசுக்கியது, எந்தப் பட்டறையில் நசுக்கியது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். குழம்பு முழங்கை வரை வழிந்தது.

எல்லோரும் திரண்டுபோய் முதலாளியின் சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். எய்தவனைக் காட்டிவிட்டால் அம்பை விட்டுவிடுவார்கள் என்று நம்பிய மடச்சி நான். திரளத்தான் செய்தார்கள், கொஞ்ச நேரம் கத்தவும் செய்தார்கள். சிரிப்பு முதலாளி அசரவில்லை. நாளைக்கே நல்ல கரண்டி வரும், கூடவே சாப்பாட்டு விலையும் ஏறும், எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. கடைசியில் பசைக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"இந்தக் கரண்டியே இருக்கட்டும்."

ஒருத்தரும் மறுக்கவில்லை.

"அப்ப இந்தம்மா வேண்டாம்" என்றார் முதலாளி. "இத்தன நாளா உங்கள ஏமாத்தினவங்க கையால எப்படிச் சாப்பிடுவீங்க?"

ஏமாற்றியவள் நானாம். யாராவது ஒருத்தர் அவரைத் திருப்பிக் கேட்பார்கள் என்று வரிசையைப் பார்த்தேன். என் கையால் கூடுதலாக வாங்கித் தின்றவர்கள்கூடத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளைக்கே ஆள் வேண்டும், தங்கிக்கொள்ள அறையும் உண்டு, தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்றார் முதலாளி.

"என் பொண்டாட்டி வருவா, முதலாளி."

சொன்னவன் என் தம்பி. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று எவன் சொன்னானோ, அவன் வாடகை வீட்டில் இருந்தவனாக இருக்க முடியாது.

சாயங்காலம் நான் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் வந்து நின்றார்கள். அவள் இடுப்பில் சின்னது, கையில் பாய். நாத்தனார் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு அரிசி மூட்டைகளையே பார்த்தாள். வீட்டுக்காரன் இந்த வருஷத்தில் மறுபடியும் வாடகையை ஏற்றிவிட்டானாம். கட்ட முடியாவிட்டால் காலி பண்ணச் சொல்கிறானாம். வேறு வழி தெரியவில்லையாம். தம்பி எல்லாவற்றையும் சுவரிடம் சொன்னான். அப்புறம்தான் என்னிடம் கேட்டான்.

"நீ எங்க போவக்கா?"

"நீ காலி பண்ற வீட்டுக்குத்தான் போகணும். எவ்வளவு கேக்குறான்?"

சொன்னான். மெஸ்ஸில் எனக்குக் கொடுத்த சம்பளத்தைவிட அது அதிகம். துப்புக்கெட்டவனே, அக்காள் வயிற்றில் அடித்துத்தான் உன் பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டுமா என்று ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த வசவில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் அவனை வைதேன். முழுவதையும் நின்று கேட்டான். பிறகு குனிந்து மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டான்.